கறிவேப்பிலைக்கு ஊற்றிய பால்

ஜூன் 3, செவ்வாய்

தலைவலி வருவதற்கு முன்னால் என் இடது கண்ணின் ஓரத்தில் ஒரு பட்டை தெரியும். வெள்ளியும் மஞ்சளும் கலந்து, பல் பல்லாக, நடுங்கிக்கொண்டே இருக்கும். டையிங் பட்டறை லேபில் ஒன்பது வருடம் ஷேடு பார்த்தவள் நான். துணி வாங்கும் பையர் அனுப்புகிற துண்டுத் துணியைப் பார்த்து, இதில் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு நீலம் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தப் பட்டையின் நிறத்தை மட்டும் எந்தச் சாயத்திலும் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தாலும் எந்தப் பையரும் வாங்க மாட்டான்.

இன்று பாப்பாவுக்குத் தண்ணீர் வார்த்து முடித்த நேரத்தில் பட்டை வந்தது. ஆதிரை என்று பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் இரண்டரை மாதப் பிள்ளையை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எல்லோருக்கும் பாப்பாதான். தண்ணீர் வார்ப்பது அத்தை. அத்தை என்றால் என் கணவர் பூபதியின் அம்மா. என் அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அதனால் எனக்குப் பத்தியம் சமைத்தது, பாப்பாவின் துணி அலசியது, என் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தது எல்லாமே அத்தைதான். அவருக்கு எதிராகப் பேச எனக்கு வாய் வருவதில்லை. அதனால் இங்கே எழுதிக்கொள்கிறேன்.

"தலையில நீர் கோத்துக்கிச்சு அம்மணி. அதான் வலிக்குது. சித்த குனி" என்று பாப்பாவுக்குப் போட்ட சாம்பிராணிச் சட்டியை அப்படியே என் கூந்தலுக்குக் கீழே கொண்டுவந்தார். புகை ஏற ஏற வலியும் ஏறியது. குனிந்தே இருந்தேன்.

என்னிடம் இரண்டு மாத்திரை உண்டு. வெள்ளை, அது சாதாரண பாரசிட்டமால், லேசான வலிக்கு. இன்னொன்று வெளுத்த செங்கல் நிறம். மெடிக்கலில் 'ஒத்தத் தலவலி மாத்திரை' என்றால் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். காலேஜ் படிக்கும்போதிருந்தே அதுதான். கர்ப்பமாக இருந்தபோது தலைவலி சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போயிருந்தது. பிரசவமாகி மூன்றாம் வாரம் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டது.

செங்கல் ஒன்று போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பாலைப் பீய்ச்சி ஒரு டம்ளரில் எடுத்து, பின்கட்டுக் கறிவேப்பிலைச் செடியின் தூரில் ஊற்றினேன். சாயத் தொட்டியில் ஒரு நிறம் முடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, அலசி, அடுத்த நிறம் ஏற்றுவோம். அதே கணக்குதான். மாத்திரை கலந்ததை வடித்துவிட்டால் அடுத்து ஊறுவது சுத்தமான பால். இதை எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவளுக்கு இதைக் கேட்க வேண்டுமா என்ன?

தாய்ப்பாலைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது என்பது அத்தை சொன்னது. நான் திருட்டு வேலை செய்தாலும் முறைப்படிதான் செய்கிறேன்.

எப்போதாவதுதான். வாரத்துக்கு இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று.


ஜூன் 5, வியாழன்

பாப்பாவின் துணிகளைக் காயப்போட்டேன். வெயில் கண்ணில் அடித்தது. வெள்ளை ஒன்று. கறிவேப்பிலைக்கு ஒரு டம்ளர்.


ஜூன் 8, ஞாயிறு

கோபியிலிருந்து பூபதியின் சித்தி குடும்பத்தோடு பிள்ளை பார்க்க வந்தார். ஆளுக்கொரு போனில் பாப்பாவைப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் என் கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடித்தார்கள்.

"ஏன் அம்மணி இப்புடி வெளுத்துக் கெடக்கற?" என்றார் சித்தி.

"தூக்கமில்லீங் சித்தி."

"பிள்ளை தூங்கறப்ப நீயும் தூங்கோணும்."

பிள்ளை தூங்கும்போது நான் சமைக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, வந்தவர்களுக்குக் காப்பி போடக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காப்பிக்குச் சர்க்கரை பத்தவில்லை என்றுதான் சொன்னார்.

சமையல்கட்டில் பூபதியைப் பிடித்தேன். "மாமா, மாத்திரை தீந்து போச்சு."

"போன வாரந்தான வாங்கியாந்தேன்?"

"பாதி ஒடஞ்சு போச்சுங்க."

உடைந்தது ஒன்றுதான். பூபதி எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியில் நூலளவு பிசகினால் கண்டுபிடித்துவிடுகிறவர். என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தார்.

செங்கல் ஒன்று. பீய்ச்சி ஊற்றியதும் உடனே அடுத்த பால் ஊறவில்லை. பாப்பா அழுதது. அத்தை பவுடர் பால் கலக்கிப் புட்டியில் கொடுத்தார். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அடுத்த அறையில் அவள் உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் எனக்குச் சொந்தமானது. வேறு யாரோ அதை வாங்கிக்கொள்வதைப் போலப் பொறாமையாக இருந்தது.


ஜூன் 9, திங்கள்

பாப்பா இரண்டு முறை கக்கினாள். புட்டிப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அத்தை. இருக்கும்.

வெள்ளை ஒன்று.


ஜூன் 12, வியாழன்

பால் குறைகிறது. முன்பெல்லாம் அவள் ஒரு பக்கம் குடிக்கும்போது இன்னொரு பக்கம் ரவிக்கை நனைந்துவிடும். இப்போது நனைவதில்லை.

அத்தை பூண்டை உரித்துப் பாலில் வேகவைத்துத் தருகிறார், கருவாடு வாங்கிவரச் சொல்கிறார், சித்தியின் கண்தான் பட்டுவிட்டது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறார். மிளகாய் நெடி. செங்கல் ஒன்று. டம்ளர் பாதிகூட நிறையவில்லை, ஆனாலும் கொண்டுபோய் ஊற்றினேன். வடித்தால் ஒழுங்காக வடிக்க வேண்டும்.


ஜூன் 14, சனி

தடுப்பூசி போடக் குழந்தை டாக்டரிடம் போனோம். எடை போட்டார். தட்டில் படுத்துக்கொண்டு பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"போன தடவைக்கு இப்ப ஏறவே இல்லையேம்மா. பால் நல்லா குடிக்கறாளா?"

"குடிக்கறாளுங்க சார்."

"நீங்க எதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "மருந்துங்களா? நானே கிண்டிக் குடுக்கறனுங்க. சுக்கு, திப்பிலி, சதகுப்பை, பனவெல்லம் எல்லாம் போட்டு. காலையில ஒரு உருண்டை விடறதில்லீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "அது சரிங்கம்மா" என்று ஏதோ எழுதினார்.

எங்கள் வீட்டில் மருந்து என்றால் பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டும் அந்த லேகியம்தான். மற்றது மாத்திரை. அவர் மருந்தைத்தான் கேட்டார், மாத்திரையைக் கேட்கவில்லை. நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை.

ஆட்டோவில் வரும்போது முழுக்க இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.


ஜூன் 15, ஞாயிறு

இன்று தலைவலி இல்லை! வந்துவிடுமோ என்று காலையில் வெள்ளை ஒன்று போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.


ஜூன் 18, புதன்

எழுதவே கை வரவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலிலிருந்து அறைக்குப் போனேன். பட்டை வந்து பார்வையின் பாதியை மறைத்துவிட்டது. கதவு இருக்கிறது என்று நினைத்த இடத்தில் நிலைக்கால் இருந்தது. இடித்தது என் முழங்கைதான். அவள் தலைக்கும் நிலைக்கும் நடுவில் என் கை இருந்தது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவள் அழக்கூட இல்லை. நான்தான் அப்படியே தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இறுக்கிக்கொண்டு, நல்லவேளையாக அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

முழங்கை நாவல்பழ நிறத்தில் வீங்கியிருக்கிறது. அரிசி டப்பா இறக்கும்போது இடித்துக்கொண்டேன் என்று பூபதியிடம் சொன்னேன்.


ஜூன் 20, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

கறிவேப்பிலை பறிக்கப் போன அத்தை கையை உதறிக்கொண்டு வந்தார். "என்ன யமுனா இது, செடித் தூருல எறும்பு இப்புடி மொய்க்குது? குனிஞ்சு மோந்து பாத்தா பால் வாடை அடிக்குது."

வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தேன்.

"பீய்ச்சி ஊத்தறயா?"

"மாத்திரை போட்ட பாலுங்க அத்தை. பாப்பாளுக்கு ஆகாது. அதான்."

"எத்தன மாத்திரை?"

"எப்பவாச்சுமுங்க."

"எப்பவாச்சும் ஊத்தற பாலுக்கா இத்தன எறும்பு?"

அத்தை என் எதிரில் உட்கார்ந்துவிட்டார். தாய்ப்பாலை எறும்பு தின்றால் ஊறுவது நின்றுவிடும் என்பது அவர்கள் பக்கத்துப் பேச்சு. அந்தப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். அது வெறும் நம்பிக்கை என்றும் தெரியும். ஆனாலும் பால் குறைந்துகொண்டே வருவது நிஜம்தானே.

சாயந்தரம் பூபதி வந்ததும் பஞ்சாயத்து. "பால நிறுத்திப்புடு சாமி" என்றார் அத்தை. "புட்டியிலயே குடுத்துக்கலாம். நீ மாத்திரை போட்டுக்க. தலவலியோட பிள்ளையத் தூக்கிட்டு எங்காச்சும் விழுந்து கெடந்தயினா என்ன பண்றது?" நிலைக்கால் விஷயம் அவருக்குத் தெரியாது. தெரியாமலே சரியாகச் சொன்னார்.

"ஒண்ணு பாலு, இல்லாட்டி மாத்திரை. ரெண்டும் எப்புடி யமுனா?" என்றார் பூபதி. கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் களைப்பு.

என் பாலைப் பற்றி இரண்டு பேரும் கூடிப் பேசுகிறார்கள், நான் நடுவில் உட்கார்ந்து ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கிறேன். எனக்கு வந்ததே ஆத்திரம். "பால நிறுத்த மாட்டனுங்க. மாத்திரையத்தான் நிறுத்தறேன்" என்று எழுந்துவிட்டேன். வெங்காயத்தால் வந்த கண்ணீர்தான் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் என்னிடம் குடிக்கும்போது ஒரு கை என் விரலைப் பிடித்துக்கொள்ளும். புட்டியில் குடிக்கும்போது அந்தக் கை சும்மா காற்றில் அலைகிறது. அதைப் பார்க்க என்னால் முடியாது. இதை அவர்களிடம் சொல்லத் தெரியவில்லை.


ஜூன் 21, சனி

மாத்திரை இல்லை. மண்டை பிளக்கிறது. மாத்திரை இல்லை.


ஜூன் 22, ஞாயிறு

இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மத்தியானம் செங்கல் இரண்டு போட்டேன். ஒன்று கேட்காது என்று தெரிந்தது.

அத்தை பின்கட்டில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். செடிக்குப் பக்கத்தில். பீய்ச்ச எடுத்த காலி டம்ளரோடு வாசல்படி வரை போய்த் திரும்பி வந்தேன். குளியலறையில் பீய்ச்சி ஊற்றியிருக்கலாம், அது அப்போது தோன்றவில்லை. பாப்பா பசியில் அலறினாள். குரல் கம்மிப் போய்விட்டது. கொடுத்துவிட்டேன்.

வடிக்காமல் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

விளக்கு வைத்த பிறகு கக்க ஆரம்பித்தாள். வயிற்றாலும் போகிறது. துவண்டு கிடக்கிறாள். பூபதி ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறார்.


ஜூன் 23, திங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பா தூங்குகிறாள். கையில் ஊசி குத்தி டியூப் மாட்டியிருக்கிறார்கள். அவள் கை என் கட்டைவிரல் அளவுகூட இல்லை, அதில் எங்கே நரம்பு பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

நேற்று அதே குழந்தை டாக்டர்தான் வந்தார். அதே கேள்வியைக் கேட்டார். "மருந்து எதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"லேகியந்தானுங்க..." என்று அத்தை ஆரம்பித்தார்.

அவரை அப்படியே பேச விட்டிருக்கலாம். போன தடவை விட்டதைப் போல. இதைச் சொன்னால் பாலை நிறுத்தச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் இந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பார்கள். பாப்பா கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

"மாத்திரை சாப்பிட்டனுங்க சார்" என்றேன். "இன்னிக்கு ரெண்டு. தலவலிக்கு. இன்னிக்கு மட்டுமில்லீங்க, ரெண்டு மாசமா. வாரத்துல பாதி நாளைக்கு மேலயே."

ரவிக்கைக்குள் வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பூபதி என்னைப் பார்த்தார். அத்தை சுவரைப் பார்த்தார்.

டாக்டர் அட்டையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "எர்கோட்டமைன் இருக்கு. பால் குடுக்கறவங்க இதச் சாப்பிடக் கூடாதும்மா. யார் எழுதிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்லீங்க. பழசுலருந்தே வாங்கறதுங்க."

"இதனாலதான் இப்படி ஆச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. புட்டி சரியா கழுவாம வயிறு கெட்டிருக்கலாம். ரெண்டும் சேந்தும் இருக்கலாம். ஆனா நீங்க சொன்னது நல்லதாப் போச்சு, என்னத்தப் பாக்கணும்னு இப்ப தெரியும்." அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.


ஜூன் 25, புதன்

கக்குவது நின்றது. இன்று காலை நர்ஸின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். நர்ஸ் வைதார், எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அந்த மாத்திரை என் உடம்பை விட்டுப் போகும்வரை பால் கொடுக்க வேண்டாம், வற்றிப்போகாமல் இருக்கப் பீய்ச்சிக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பீய்ச்சி ஆஸ்பத்திரித் தொட்டியில் ஊற்றுகிறேன். இத்தனை நாள் நானாகச் செய்ததை இப்போது டாக்டர் சொல்லிச் செய்கிறேன். நாளையிலிருந்து கொடுக்கலாமாம்.

அத்தை என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வருகிறது. ரசத்தில் உப்புகூடச் சரியாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.


ஜூன் 27, வெள்ளி

குழந்தை டாக்டர் சொன்ன தலைவலி டாக்டரைப் பார்த்தோம். டாக்டர் ஜெசிந்தா. என் வயதைவிடப் பத்து வயது கூட இருக்கும். அறையில் ஒரு விளக்கை அணைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

பிரஷர் பார்த்தார், கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிரசவத்துக்கு அப்புறம் புதிதாக, திடீரென்று வந்த தலைவலி என்றால் வேறு மாதிரி பார்க்க வேண்டும், இது பழைய ஆள்தான் என்றார். வீசிங் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. எல்லா மாத்திரையையும் சொன்னேன். வெள்ளை, செங்கல், வராத தலைவலிக்குப் போட்டது, எல்லாம். பிறகு பாலை ஊற்றியதையும் சொன்னேன்.

"பீய்ச்சி ஊத்திட்டா அடுத்த பால் சுத்தம்னு யார் சொன்னா?"

"நானேதானுங்க." சாயத் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். வடிப்பது, அலசுவது, அடுத்த நிறம் ஏற்றுவது. அவர் கன்னத்தில் கைவைத்துக் கடைசி வரை கேட்டார்.

"தொட்டிக்கு நீங்க சொல்றது சரி. ஆனா பால் தொட்டியில தேங்கி நிக்கறதில்லம்மா. உங்க ரத்தத்துல இருந்து ஊறிட்டே இருக்கு. ரத்தத்துல மருந்து இருக்கற வரைக்கும் பால்லயும் இருக்கும். ரத்தத்துல குறைஞ்சா பால்லயும் தானா குறைஞ்சிரும். நீங்க வடிச்சாலும் அப்படித்தான், வடிக்காட்டியும் அப்படித்தான்."

"அப்ப நான் ஊத்துன பாலெல்லாம்?"

"பாரசிட்டமால் போட்ட அன்னிக்கு ஊத்தியிருக்கவே வேண்டாம். அது பாப்பாவுக்கு நேரடியாவே குடுக்கற மருந்துதான். எர்கோட்டமைன் போட்ட அன்னிக்கு ஊத்தியும் பிரயோஜனமில்ல. அதுவே பாலையும் குறைச்சிருக்கலாம்."

கணக்கு மொத்தமும் தலைகீழ். கொடுக்க வேண்டியதைச் செடிக்குக் கொடுத்து, கொடுக்கக் கூடாததைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்பது வருடம் ஷேடு பார்த்த கண்ணை வைத்துக்கொண்டு இப்படி. அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டர் டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"பால நிறுத்தணுங்களா?" என்று பூபதி கேட்டார்.

"எதுக்கு நிறுத்தணும்? மருந்தத்தான் மாத்தணும்."

தினமும் சாப்பிட ஒரு சின்ன மாத்திரை எழுதினார், வலியே அடிக்கடி வராமல் இருக்க. அது பாலில் போவது ரொம்பக் கொஞ்சம்தானாம். பட்டை வந்து வலி ஆரம்பித்தால் போட இன்னொன்று. வாரத்தில் இரண்டு நாளைக்கு மேல் வலி மாத்திரை வேண்டாம், அடிக்கடி போட்டால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும் என்றார். கடையில் நானாக எதுவும் வாங்கக் கூடாது, ஆஸ்பிரின்கூட. பாப்பா வழக்கத்துக்கு மாறாக மந்தமாக இருந்தால், சரியாகக் குடிக்காவிட்டால், உடனே காட்ட வேண்டும். பத்தியம் என்று பட்டினி கிடக்கக் கூடாது. ராத்திரி ஒரு வேளையாவது வேறு யாராவது பாப்பாவைப் பார்த்துக்கொண்டு என்னைத் தூங்கவிட வேண்டும். இதைச் சொல்லும்போது பூபதியைப் பார்த்துச் சொன்னார். அவர் தலையாட்டினார்.

"வலி வந்து அந்த மாத்திரை போட்டா, எத்தன மணி நேரங் கழிச்சுங்க பால் குடுக்கறது?" என்று கேட்டேன்.

"பாப்பாவுக்கு எப்பப் பசிக்குதோ அப்ப."

மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார்.

கிளம்பும்போது, அதுவரை பேசாமல் இருந்த அத்தை வாயைத் திறந்தார். "சாம்பிராணி போடறனுங்க டாக்டரம்மா. தலையில நீர் கோத்துக்கிச்சுன்னு. அது ஆகுமுங்களா?"

"புகையும் வாசனையும் சில பேருக்குத் தலைவலியத் தூண்டி விட்டுருங்கம்மா. பாப்பாவுக்கும் அந்தப் புகை வேண்டாம்."

பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் சாம்பிராணிச் சட்டியை எடுத்துக் கழுவி, துடைத்து, பரண் மேல் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "வலிக்குதுன்னு அப்பவே சொல்றதுக்கென்ன உனக்கு? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?" என்றார்.

"நீங்கதானுங்க அத்தை எல்லாம் செய்யறீங்க. எப்புடிச் சொல்றது?"

"செய்யறவகிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லுவ?" என்று அதட்டிவிட்டு உள்ளே போனார். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.


ஜூலை 2, புதன்

மோசமான வாரம். பழைய மாத்திரையை நிறுத்தியதும் வலி கொஞ்ச நாள் கூடும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். சொன்னபடியே கூடுகிறது. பாப்பா முன்னைவிட அடிக்கடி குடிக்கிறாள். ஊறட்டும் என்று வைத்துக்கொண்டே இருக்கிறேன். முதுகு, தோள், தலை, எது என்னுடையது என்றே தெரியவில்லை.

பூபதி விடியற்காலையில் எழுந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடியில் நடக்கிறார். துணி வெட்டுகிறவர், பிள்ளையைப் பிடிக்கத் தெரியவில்லை, தான் சுருட்டி வைத்த பீஸைப் போலப் பிடிக்கிறார். ஆனால் நடக்கிறார்.


ஜூலை 6, ஞாயிறு

எடை ஏறியிருக்கிறது. எடையைப் பார்த்துக் குழந்தை டாக்டர் இந்த முறை சிரித்தார்.

தினசரி மாத்திரை மட்டும். வேறு எதுவும் இல்லை. நிஜமாகவே இல்லை.


ஜூலை 11, வெள்ளி

இன்று வந்தது. ரொம்ப நாள் கழித்து, முழுசாக.

மத்தியானம் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். வாணலியின் விளிம்பில் பட்டை ஆடியது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். வலி கண்ணுக்குப் பின்னால் வந்து நின்றதும் டாக்டர் எழுதிய அந்த மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அறையில் போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அதற்கென்றே காத்திருந்ததைப் போலப் பாப்பா அழுதாள். பசி அழுகை. எனக்கு இப்போது எல்லா அழுகையும் தனித்தனியாகத் தெரியும்.

"அத்தை, பவுடர் பால் கொஞ்சம் கலக்குங்க" என்று சத்தம் போட்டேன். வாய் பழக்கத்தில் அப்படித்தான் வந்தது.

அத்தை பாப்பாவோடு வாசலில் வந்து நின்றார். "எதுக்கு?"

"மாத்திரை போட்டுட்டனுங்க."

"எந்த மாத்திரை? டாக்டரம்மா எழுதுனதா?"

"ஆமாங்க."

அவர் உள்ளே வரவில்லை. பாப்பா அவர் தோளில் முகத்தைத் தேய்த்து அலறினாள். அத்தைக்கும் பயம், முகத்திலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கையில் டியூப் மாட்டியிருந்ததை அவரும்தானே பார்த்தார். வேண்டாம், இன்று ஒரு நாள் புட்டியில் கொடுத்துவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த முறையும் இதையேதான் நினைப்பேன். அப்புறம் பால் இருக்காது.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்றார் அத்தை.

"பசிக்கறப்ப குடுன்னாங்க."

"பசிக்குதல்ல?"

வந்து பாப்பாவை என் மடியில் வைத்தார். ரவிக்கையில் கை வைத்துவிட்டுத் தயங்கினேன். அவரே கொக்கியைக் கழற்றிவிட்டார். பாப்பா பிடித்துக்கொண்டாள். அத்தை போகாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் இருமினாள், இரண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது. மறுபடி குடித்தாள். என் விரலைத் தேடிப் பிடித்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கக்கவில்லை. துவளவில்லை. வயிறு நிறைந்து, வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனாள். கன்னத்தில் ஒரு சொட்டுப் பால் இருந்தது. அத்தை அதை முந்தானையால் துடைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கறா" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தேன், வலி இறங்கிக்கொண்டிருந்தது. இவள் பிறந்ததிலிருந்து எத்தனையோ தடவை வலி இறங்கியிருக்கிறது. அப்போதெல்லாம் இவள் அடுத்த அறையில் அழுதுகொண்டிருப்பாள். வலி இறங்கும்போது இவள் என் மடியில் இருந்தது இன்றுதான்.